ஏழாவது பேரன்

அம்மாவுக்குக் குளிர் ஆகவே ஆகாது. டிசம்பரில் வடக்கிலிருந்து புழுதிக்காற்று வந்தாலே இரண்டு துணியைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பதினோரு வாரமாக ஆஸ்பத்திரிப் பிணவறைக் குளிரில் போட்டு வைத்திருக்கிறார்கள். போட்டு வைத்தவர்கள் வேற்று மனிதர்களா? அவளோடு கூடப்பிறந்தவர்கள். இவர்களுக்கு நான் கை கொடுக்க வேண்டும்.

எசாபா கை கொடுத்தாள். கடலோர ஊரான அன்க்வாடாவில் குடும்பக் கூட்டத்துக்கு வருகிறவர் வலது ஓரத்தில் தொடங்கி, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டே இடது ஓரம் வரை போக வேண்டும். கோபம் இருக்கிறது என்பதற்காக யாரையும் தாண்டிப் போக முடியாது. பதினான்கு பேர் இருந்தார்கள். எல்லோர் மேலும் சிவப்பும் கறுப்புமாகத் துக்கத் துணி. அம்மாவின் தங்கை அரபா சித்தியின் கை எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. வரும் வழியில் பொரித்த மீன் சாப்பிட்டிருப்பாள். பெரியம்மா மகள் ஜெமைமா அக்கா கையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நடுவில் பெரிய நாற்காலியில் அக்யின் மாமா. அம்மாவின் தம்பி, குடும்பத் தலைவர். அவர் பக்கத்தில் முக்காலியில் அமோன்.

கூட்டத்தில் தலைவர் யாரோடும் நேராகப் பேசமாட்டார். அவர் சொல்வதை அமோன் எடுத்துச் சொல்வார். மற்றவர்கள் பதிலையும் அமோனிடம்தான் சொல்ல வேண்டும். மூன்றடி தூரத்தில் இருக்கிற மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். சின்ன வயதில் எசாபாவுக்கு இது விளையாட்டாகத் தெரிந்தது. இன்றைக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கெட்ட காரியத்தை, சொன்னது யார் என்றே இல்லாமல் சொல்லிவிட முடிகிறது, எவ்வளவு வசதி என்று நினைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தாள். வந்த காரியம் என்ன என்று அமோன் கேட்டார். எல்லோருக்கும் தெரிந்த காரியம்தான்; ஆனாலும் கேட்க வேண்டும், சொல்ல வேண்டும். அம்மாவை அடக்கம் செய்யத் தேதி கேட்டு நான்காவது முறையாக வந்திருப்பதாகச் சொன்னாள்.

தேதியை அவளே குறித்துக்கொள்ள முடியாது. இறந்தவரின் உடல் பிள்ளைகளுக்குச் சொந்தமில்லை, தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். தலைவர் சம்மதம் சொல்லாமல் பிணவறைக் கதவு திறக்காது.

எசாபா தலைநகர் அக்ராவில் பல்கலைக்கழகத்தில் அரசியல் பாடம் நடத்துகிறவள். நாட்டை ஆள்கிறவர்கள் எந்தெந்த வீட்டுக்காரர்கள், ஆட்சி மாறினாலும் அவர்கள் மட்டும் எப்படி மாறாமல் இருக்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அரசாங்கக் காகிதங்களில் அதற்குப் பதில் கிடையாது. மந்திரிகளின் சொத்து விவரம் முத்திரை வைத்த உறைக்குள் கிடக்கிறது. யாரும் பிரிக்கக் கூடாது. அவள் கண்டுபிடித்த வழி சாவு வீட்டுப் புத்தகம். பெரிய வீட்டு அடக்கத்தில் வழவழப்பான தாளில் வண்ணப்படங்களோடு ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். யார் யார் பிள்ளைகள், யார் பேரன் பேத்திகள், யாருக்கு என்ன பதவி, எல்லாம் அதில் இருக்கும். வருஷம் முழுக்க உறவை மறைக்கிற மனிதர்கள் அந்த ஒரு நாள் எதையும் மறைப்பதில்லை. என் பெயரை விட்டுவிட்டீர்கள், என் பதவியைப் போடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஒன்பது வருஷமாக எசாபா அந்தப் புத்தகங்களைச் சேர்த்தாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் சாவு வீட்டு டாக்டர் என்று கேலி செய்தார்கள்.

பிப்ரவரியில் அவள் எழுதிய கட்டுரை எகோ அபகாவைப் பற்றியது. எகோ நிலத்துறை மந்திரி. ஜெமைமாவின் அண்ணன், அதாவது எசாபாவுக்கும் அண்ணன். அன்க்வாடா உப்புக்காயலை முப்பது வருஷக் குத்தகைக்கு ஒரு கம்பெனிக்குக் கொடுத்தவர் அவர்தான். கோடையில் காயல் வற்றும்போது ஊர்ப் பெண்கள் இறங்கி உப்பு வாருவது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அம்மா அறுபது வருஷம் வாரியிருக்கிறாள். இப்போது அங்கே கம்பி வேலி. துப்பாக்கி வைத்த காவலாளிகள். போன கோடையில் உள்ளே போன மூன்று பெண்களை நாயை விட்டுத் துரத்தினார்கள்.

ரேடியோவில் கேட்டபோது எகோ சிரித்தார். தன் மனைவி பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ அங்கே ஒரு பிடி உப்பு இருந்தால் காட்டச் சொன்னார். அது உண்மை. எசாபாவுக்கு எரிச்சல் மூண்டது அந்த உண்மையினால்தான். சட்டம் கேட்பது மனைவியையும் பிள்ளைகளையும். எந்தக் குளிர் தேசத்துச் சட்டத்தைப் பார்த்து எழுதினார்களோ! அன்க்வாடாவில் ஒரு மனிதனின் வாரிசு அவன் பிள்ளையல்ல. அவன் சகோதரி மகன். ஐந்து வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் சட்டத்துக்கு மட்டும் தெரியாது. கம்பெனியின் டைரக்டர் ரெஜினால்ட், ஜெமைமாவின் மகன். அவன் யாரோ ஊர்ப் பையன் என்றார் எகோ. எசாபா, எகோவின் தாயாருடைய அடக்கப் புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தை எடுத்துப் போட்டாள். பேரப்பிள்ளைகள் வரிசையில் ஏழாவது பெயர் ரெஜினால்ட். பக்கத்திலேயே கம்பெனியின் பெயரும் டைரக்டர் பதவியும், தடித்த எழுத்தில்.

வரும் வியாழக்கிழமை, அந்தக் குத்தகையை விசாரிக்கிற பாராளுமன்றக் குழு அவளைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருந்தது.

மாமா அமோனின் காதில் ஏதோ சொன்னார். அமோன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குடும்பத்துக்கும் அந்தத் துக்கம் குறைவில்லை என்றார். பெரிய சாவு, பெரிய அளவில்தான் செய்ய வேண்டும், புத்தகம்கூடத் தயார் என்று ஒரு மாதிரிப் பிரதியை நீட்டினார்.

அட்டையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வெறும் பெயர்கள். ஒருவருக்கும் பதவி இல்லை. வக்கீல் சொல்லி எடுத்துவிட்டார்களாம்.

சுங்க இலாகாவில் வேலை பார்க்கும் க்வாமினா எழுந்து முறையிட்டான். "இதப் பத்தி நான் மொதல்லயே சொல்லணும், அமோன் ஐயா. டெபுடி கமிஷனர்னு போடலேன்னா வர்றவங்க என்னை என்னன்னு நெனைப்பாங்க? பந்தல் கட்ட வந்தவன்னா?"

"பந்தல் கட்டவாவது உனக்குத் தெரியுமா?" என்றாள் அரபா சித்தி. துக்கத் துணிக்குள் எல்லோரும் குலுங்கிச் சிரித்தார்கள். எசாபாவுக்கும் சிரிப்பு வந்தது. இவர்களோடு வளர்ந்தவள்தானே! வந்த வேகத்தில் அந்தச் சிரிப்பின் மேல் வெறுப்பும் வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அமோன் ஒரு கடிதத்தை எடுத்தார். குடும்பத்துக்கு ஒரு சின்ன உதவி வேண்டும். அது முடிந்தால் அடுத்த சனிக்கிழமையே அடக்கம் என்றார். மிரட்டல் போலவே இல்லை. பேருந்து நேரம் சொல்வது போல இருந்தது.

எசாபா வாங்கிப் படித்தாள். மந்திரியின் தாயார் அடக்கத்தின்போது பேரப்பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி எழுதவைத்தவர் என் தாய் எகுவா மென்சிமா. அப்போதே அவருக்கு நினைவு தடுமாறியிருந்தது. ரத்த உறவு இல்லாதவர்களையும் பேரன் என்று தவறாகச் சேர்த்துவிட்டார். இதை மகளாகிய நான் உறுதி கூறுகிறேன். கீழே அவள் பெயர், டாக்டர் பட்டத்தோடு. அவள் பட்டத்தை மட்டும் வக்கீல் எடுக்கவில்லை.

முதல் தடவை படித்தபோது எழுத்துகள்தான் தெரிந்தன. இரண்டாம் தடவை படித்தபோதுதான் பொருள் உறைத்தது. ரெஜினால்டை மறைக்க வேறு வழி இல்லையா? அச்சகத்தான் மேல் பழி போடக்கூடாதா? இல்லை, அச்சகத்தான் உயிரோடு இருக்கிறான், மறுத்துப் பேசுவான். அம்மா பேசமாட்டாள்.

பெரியம்மா போன பிறகு அந்த அம்மாதான் வீட்டில் மூத்தவள். படிக்கத் தெரியாது. நான்கு தலைமுறைப் பெயர்களை, யார் யாருக்குப் பிறந்தது, எந்தக் கிழமையில், எந்தக் குழந்தை தங்காமல் போனது என்று நின்ற இடத்தில் சொல்வாள். கல்யாணம் பேசினால், இடம் பிரித்தால், குடும்பமே அவளிடம்தான் வந்து கேட்டது. இங்கே உட்கார்ந்திருக்கிற பதினான்கு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

எசாபா கடிதத்தைக் கையிலேயே வைத்திருப்பதைப் பார்த்து அரபா சித்திக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி யோசனை? வயசானா மறதி வராதா? அதுல என்ன கேவலம்? அவ காதுல விழவா போகுது?"

"சித்தி, நீங்க போன வருஷம் உங்க பேத்திக்குப் பேர் வைக்க யார்கிட்ட போய்க் கேட்டீங்க?"

"பேச்சப் பாரு! இவ்வளவு பேசறவ, அந்தப் பெரிய ஸ்கூல்ல எடம் எப்படிக் கெடச்சுதுன்னும் எழுதறதுதானே? உன் மார்க்குக்கா குடுத்தாங்க? எகோ ஒரு போன் போட்டான். மறந்துட்டியா? மறதி உனக்குத்தான்."

அடி சரியான இடத்தில் விழுந்தது. எசாபா மறக்கவில்லை. கட்டுரையில் அந்தத் தொலைபேசியைப் பற்றி ஒரு வரி எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் அழித்தாள். சொந்த விஷயம், ஆராய்ச்சிக்குத் தேவையில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். எகோவும் தன்னிடம் இப்படித்தான் சொல்லிக்கொள்வாராக இருக்கும். அந்த ஒரு இடத்துக்காக எந்தப் பெண்ணின் பெயரை அடித்திருப்பார்கள்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

க்வாமினா தன் செல்போனை அவளிடம் கொண்டுவந்து கொடுத்தான். எகோதான் பேசினார்.

"தங்கச்சி, சாப்டியா? வெயில்ல வந்திருப்பே."

அந்தக் குரலில் பொய்யே இல்லை. உண்மையாகவே அக்கறைப்படுகிற குரல். அம்மா தனக்கும் அம்மாதான் என்றார். போலீஸ் பேண்டு வரும், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அனுப்பிவைக்கலாம் என்றார். குழுவில் இருப்பவர்கள் பாதிப் பேர் தெரிந்தவர்கள்தான், கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவள் வாயே திறக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரெஜினால்ட் யாரு?"



"நம்ம ஊர்ப் பையன்ம்மா."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. முற்றம் முழுக்கக் கேட்டது. எசாபா ஜெமைமாவைப் பார்த்தாள். ஜெமைமா அக்கா விசிறியை மடியில் வைத்து அதன் ஓலையை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். பெற்றவள் உட்கார்ந்திருக்கிறாள்; அவள் பிள்ளை யாரோ ஊர்ப் பையன். பதினான்கு பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நாளைக்கு எகோ கண்ணை மூடினால் இதே பதினான்கு பேரும் ரெஜினால்டை முன்னால் நிறுத்தி, இவன்தான் வாரிசு என்று உரக்கச் சொல்வார்கள். அப்போது யாருக்கும் மறதி இருக்காது.

இத்தனை வருஷமாக அதிகாரம் என்பதை மேலே இருப்பவர்களிடம் தேடினேன் என்று எசாபா நினைத்தாள். இங்கே இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அது உட்கார்ந்திருக்கிறது. பாதி நன்றி, பாதி பயம். அதில் ஒரு நாற்காலி எனக்கும் போட்டிருக்கிறார்கள்.

போனை க்வாமினாவிடம் திருப்பிக் கொடுத்தாள். அமோன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பிணவறையில் கிடத்தி வைத்த தம்பி. அவர் கன்னம் அம்மாவுடையதைப் போலவே உள்ளே ஒடுங்கியிருந்தது. கையெழுத்து ஒரு நொடி வேலை. சனிக்கிழமை அம்மா மண்ணுக்குள் போய்விடுவாள். போடாவிட்டால் எத்தனை மாதம் ஆகுமோ. வெளியூரில் இப்படி இரண்டு வருஷம் கிடந்த உடல்களைப் பற்றி அவளே எழுதியிருக்கிறாள்.

பேனாவை அவள் வாங்கவில்லை. கடிதத்தை இரண்டாக மடித்து, வலது கையால், மரியாதையாக, அமோனிடம் கொடுத்தாள்.

"அமோன் ஐயா, மாமாகிட்ட சொல்லுங்க. ஸ்கூலுக்குப் போன் போட்டது நெஜம். வியாழக்கிழமை அதையும் சேர்த்தே சொல்லப்போறேன். தேதி கேட்டு அடுத்த வாரமும் வருவேன், அதுக்கடுத்த வாரமும் வருவேன். ஆனா எங்கம்மாவுக்கு நெனவு தடுமாறலை. நான் இதுல கையெழுத்துப் போடமாட்டேன்."