சுலக்ஷனா பெஞ்சில் உட்கார்ந்த வருஷம்

தன் பெண்டாட்டி கூடைப்பந்தை விட்டுவிட வேண்டும் என்று ஊரே நினைக்கிற விஷயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு ஆட்டோ ஓட்டி வரும் வழியில்தான் செல்லசாமிக்குத் தெரிந்தது.

பயிற்சி முடிந்து, அணிப் பெண்கள் மூன்று பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான். பெண்டாட்டி சுலக்ஷனா டவுனில் சாமான் வாங்க நின்றுவிட்டாள். மல்லியப்பூ சந்தி தாண்டியதும் கேஷிகா முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தொட்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்க மாட்டீங்களே? அக்காவுக்கு இப்ப ஓட ஏலல. பந்து அந்தப் பக்கம் போனா அவங்க திரும்பி வர்றதுக்குள்ள கூடை விழுந்துருது. நா சொன்னா மரியாதையா இருக்காது. நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

கேஷிகாவுக்கு இருபது வயது. சுலக்ஷனா விளையாடும் அதே இடத்துக்குக் காத்திருப்பவள். அவள் பொறாமையில் பேசவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மற்ற இரண்டு பெண்களும் வாயே திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுதான் செல்லசாமியை இன்னும் கலக்கியது.

மறுநாள் பயிற்சியாளர் பிரதாப் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு அவனைக் கூப்பிட்டு, பால் சேர்க்காத பிளேன்டி ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தான். அவனும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தான்.

"எனக்குப் பந்து தட்டவே அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க. அவங்கள எப்படிண்ணே நா போகச் சொல்றது? வாய் வரமாட்டேங்குது. பைனலுக்கு முன்னாடி நீங்க பேசிருங்க."

ஆக, ஆளாளுக்குப் பயந்து, புலிக்கு மணி கட்டும் வேலையைப் புலியோடு குடித்தனம் நடத்துகிறவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

சுலக்ஷனா லேசுப்பட்ட ஆள் இல்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் விளையாடி, மாகாண அணிவரை போய், அந்த விளையாட்டை வைத்தே தோட்டப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகவும் ஆனவள். அவள் ஆடுகிறாள் என்றால் தோட்டங்களிலிருந்து ஆட்கள் மழையில் நடந்து வருவார்கள். செல்லசாமி அவளை முதன்முதலில் பார்த்தது எதிர் அணியை வாடகைக்கு ஏற்றிக்கொண்டு போன நாளில். அவள் பந்தை எறிந்துவிட்டு, அது விழுந்ததா என்று பார்க்காமலே திரும்பி ஓடினாள். பந்து கூடைக்குள் விழுந்தது. அன்றைக்கு ஏற்றி வந்தவர்களைத் திரும்பக் கூட்டிப் போக வேண்டும் என்பதையே அவன் மறந்துபோனான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட அவன் தவறவிட்டதில்லை.

இப்போது அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்த சாயங்காலங்களில் முழங்கால் பலாப்பிஞ்சு மாதிரி வீங்கிக்கொள்ளும். அவன்தான் எண்ணெய் போட்டு நீவிவிடுவான். அன்றும் நீவிக்கொண்டே பேச்சை ஆரம்பிக்கப் பார்த்தான். "வலிக்குதா?" என்றான். "வலிச்சா சொல்ல மாட்டேனா?" என்றாள். அவன் எண்ணெய்ப் புட்டியை மூடிவைத்தான்.

இரண்டு நாள் யோசித்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான்.

"பைனல் அன்னைக்கு பட்டிப்பொலயில நமக்கு ஒரு கல்யாணம் இருக்கு புள்ள. போகாட்டி நல்லாருக்காது."

சுலக்ஷனா கழுவிக்கொண்டிருந்த சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பட்டிப்பொலயில நமக்கு யாருங்க இருக்கா?"

அவன் அடுப்பு விறகைத் தள்ளிவிடப் போனான்.

"யாரு அனுப்புனா ஒங்கள? பிரதாப்பா?"

"பிரதாப்பும்தான்."

அவள் ஈரக் கையோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "அவங்க நெனைக்கிறத விடுங்க. எல்லா ஆட்டத்தையும் பாத்தவரு நீங்க. நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

இனிப் பொய் சொல்லி ஆகாது என்று அவனுக்குப் புரிந்தது.

"முன்னெல்லாம் பந்தப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்க மாட்ட. இப்ப நின்னு பாக்குற. விழுமா விழாதான்னு ஒனக்கே தெரியல. அது ரெண்டு வருசமாவே இருக்கு."

"ரெண்டு வருசமா பாத்துக்கிட்டா இருந்தீங்க? ஏன் சொல்லல?"

"நீ நிறுத்திட்டா நா ஞாயித்துக்கெழம எங்க போறது?" என்றான் செல்லசாமி. சொல்லிவிட்டு அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "ஸ்டேண்டுல நூறு ஆட்டோ நிக்குது. சுலக்ஷனா வூட்டுக்காரருன்னுதான் என்னைய எல்லாருக்கும் தெரியும். எனக்கு நிறுத்த இஷ்டமில்ல புள்ள. அதான் சொல்லல."

அவள் எழுந்து போய் மிச்சச் சட்டியைக் கழுவினாள். அடுத்த சில நாட்கள் வீட்டில் தேவையான வார்த்தை மட்டும்தான் நடமாடியது. சோறு இருக்கு. குடை எங்க. தண்ணி வருது.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் நேரே பிரதாப்பிடம் போனாள். "மொத அஞ்சு பேர்ல கேஷிகாவப் போடு" என்றாள். பிரதாப்புக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா, ஒங்களுக்கு ஒரு நல்ல பிரியாவிடை வைக்கணும்" என்று ஆரம்பித்தான்.

"பிரியாவிடையா? போறேன்னு ஒங்கிட்ட யாரு சொன்னா? நா பெஞ்சுல இருப்பேன். தேவைன்னா எறக்கு."

பைனல் நுவரெலியாவில் நடந்தது. பனிமூட்டம் கோர்ட்டின் ஓரம்வரை வந்து நின்றது. பேர் வாசித்தபோது சுலக்ஷனா முதல் ஐந்தில் இல்லை என்று தெரிந்து கூட்டம் சலசலத்தது. செல்லசாமிக்கு அவள் பக்கம் பார்க்கவே முடியவில்லை. அத்தனை வருஷமும் அவள் ஓடிப் பார்த்த கண்ணுக்கு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது யாரோ வேறு பெண் மாதிரி இருந்தது. ஆனால் சுலக்ஷனாவுக்கு உட்காரத் தெரியவில்லை. எழுந்தாள், கத்தினாள், கேஷிகாவை இடப்பக்கம் போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். பிரதாப்புக்குப் பேசவே இடம் கிடைக்கவில்லை.

கேஷிகா பிரமாதமாக ஆடினாள். அந்த வேகத்தில் ஃபவுலும் சேர்ந்துகொண்டே போனது. ஆட்டம் முடிய கொஞ்ச நேரம் இருக்கும்போது ஐந்தாவது ஃபவுல் விழுந்து, விதிப்படி வெளியே வந்தாள். சுலக்ஷனா உள்ளே போனாள். கூட்டம் எழுந்து நின்றது. எதிர் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கடைசியில் பந்து அவள் கைக்குத்தான் வந்தது. எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேஷிகா தேம்பித் தேம்பி அழுதாள். நான் அவசரப்பட்டு ஃபவுல் ஆனதால்தான் தோற்றோம் என்றாள்.

"போட்டது நான். வெளிய போனது எம் பந்து. நீ எதுக்குடி அழுகுற?" என்றாள் சுலக்ஷனா. "ஆனா அந்த மூணாவது ஃபவுலு இருக்கே, அதுக்கு ஒன்னைய ஒதைக்கணும்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். நானுஓயாவில் ஆட்டோவை நிறுத்திச் சுடச்சுட ரொட்டியும் காரமான கட்டாச் சம்பலும் சாப்பிட்டார்கள். செல்லசாமியின் தட்டில் பாதியைச் சுலக்ஷனா கேட்காமலே எடுத்துக்கொண்டாள். வீட்டுப் பேச்சு பழையபடி ஆகிவிட்டது என்று அவனுக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

அந்த வருஷம் முழுக்க அவள் பெஞ்சில்தான் இருந்தாள். சில ஆட்டங்களில் இறங்கினாள், சிலவற்றில் இல்லை. ஊரும் பழகிக்கொண்டது. அவள் எப்போது விடுவாள் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த வருஷம் பள்ளி விடுமுறையில் ஒரு காலை. போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டே சுலக்ஷனா சொன்னாள்.

"போதும்ங்க. நிறுத்திக்கிறேன்."

செல்லசாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "முழங்காலா?"

"அது வலிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு. அது இல்ல. நேத்து பெஞ்சுல இருந்தப்ப, பிரதாப் எறங்குறீங்களாக்கான்னு கேட்டான். எறங்கணும்னே தோணல. கேஷிகா ஆடுறதப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு." ஒரு காயை நறுக்கி முடித்துவிட்டு, "அவ்வளவுதான்" என்றாள்.

"சரி" என்றான் அவன். வெளியே போய், நேற்றுக் கழுவிய ஆட்டோவை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான். சற்று நேரத்தில் அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, தன் முந்தானையால் கண்ணாடியின் மறுபக்கத்தைத் துடைத்தாள்.

வந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஹட்டனுக்கே போனார்கள். முதன்முறையாகப் பார்வையாளர் பக்கம் சேர்ந்து உட்கார்ந்தார்கள். சுலக்ஷனா அவனுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். சிங்கள நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அவள் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டு, அக்கா கொஞ்சம் உட்காருங்களேன் என்று சிங்களத்தில் கெஞ்சினார்.

"அனே அக்கே, வாடிவென்னகோ!"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. கேஷிகா கோர்ட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். செல்லசாமி சேலையைப் பிடித்து இழுத்து அவளை உட்காரவைத்தான்.

அடுத்த ஃபவுல்வரை உட்கார்ந்திருந்தாள்.