விளையாட்டுக்குச் சொன்னது

இந்த மூடியைக் கண்டுபிடித்தவனுக்கு மூட்டுவாதம் இருந்திருக்காது. இருந்திருந்தால் ஜாடியைத் திறந்தபடியே விட்டிருப்பான்.

அவள் ஜாடியைக் கணவனிடம் நீட்டினாள். "விரல் வலிக்குது. திறந்து குடுங்க."

திறந்து கொடுத்துவிட்டு அவன் ஃபோனை எடுத்தான்.

"அக்காகிட்ட பேசிடு. நேத்து விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடு."

அந்த வீட்டு வழக்கம் அது. யார் யாரிடம் எரிந்து விழுந்தாலும், மறுநாள் காலை "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்றால் எல்லாம் கழுவித் துடைத்தாற்போல் ஆகிவிடும். கல்யாணமானதிலிருந்து ஃபோன் போடுவது என்னவோ அவள்தான்.

நேற்று அவன் அக்கா பை நிறையத் துணியோடு வந்தாள். "உனக்கென்ன, உட்கார்ந்த இடத்துல தையல். சும்மா ஒரு கை பார்த்துடேன்." வழக்கம்போல் சிரிக்கப் போன இவள், "முடியாது அண்ணி. ஊசி பிடிச்சா விரல் கொதிக்குது. எடுத்துட்டுப் போங்க" என்றுவிட்டாள். அக்காவும் பையும், இரண்டும் உப்பியபடி கிளம்பிப் போயின.

போன வாரம் பிசியோதெரபி அம்மா அவள் தோளை அழுத்திப் பார்த்துச் சொன்னது இதுதான்: "வியாதி விரல்ல. தோள் ஏன் கல்லாட்டம் இருக்கு? பல்லைக் கடிச்சுக்கிட்டே சிரிக்கிறீங்க. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லிப் பாருங்க. வீக்கம் வத்தாது. தோளாவது இறங்கும்."

விரல் இன்றும் வீங்கித்தான் இருந்தது. ஆனால் காதைத் தொட்டுக்கொண்டிருந்த தோள்கள் இரண்டும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இரவு முழுக்கத் தூங்கியிருந்தாள். அந்த அம்மா சொன்னதை அவனிடமும் சொன்னாள்.

"அந்த அம்மாவுக்கு நாத்தனாரே இல்ல போல" என்றான் அவன்.

"இருப்பாங்க. அதான் தெரிஞ்சு சொல்றாங்க."

சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அக்காவின் நம்பரையும் அழுத்திவிட்டான். "ரிங் போகுது. ஒரே ஒரு வார்த்தைதானே? உனக்கென்ன குறைஞ்சிடப் போகுது?"

தூக்கம் குறையும், என்று நினைத்தாள். இதைச் சொன்னால் நாளைக்கே பை திரும்பி வரும். அதைவிட, வலியே விளையாட்டாகிவிடும்.

அவள் சூடான காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இதமாக இருந்தது.

ஃபோனிலிருந்து "ஹலோ, ஹலோ" என்றது அக்காவின் குரல். அவன் அவசரமாக அதை நீட்டினான்.

"நீங்களே பேசுங்க" என்றாள் மெல்ல. "நான் விளையாட்டுக்குச் சொல்லலையே."