வெள்ளத்தாயின் சொந்த வார்த்தை

என் கணவருக்குக் கிடைக்கவிருந்த சிறுநீரகத்தைக் கெடுத்தவள் நான்தான். விதி, கிரகம், ஆஸ்பத்திரி என்று யார் தலையிலாவது போட்டுவிடலாம். வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் ஆறுதல் சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கெடுத்தது இரண்டு பக்க இங்கிலீஷ். எழுதியது இந்தக் கை.

இங்கிலீஷ் பைத்தியம் என்னைப் பிடித்தது முப்பது வயதில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் எனக்கு வேலை. டி.சி. எழுதுவது, பஸ் பாஸ் விண்ணப்பத்துக்குச் சீல் வைப்பது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் தன் மகளைச் சேர்க்க வந்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் உடனே தமிழுக்கு மாறி, காது கேளாதவளிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அந்த நிதானத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அன்றைக்கே யூடியூபில் தேடினேன். கண்ணாடி போட்ட ஒருவர், உயர்தர இங்கிலீஷ் வேண்டுமென்றால் நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய பிரிட்டிஷ் நாவல்களைப் படியுங்கள், பக்கத்துக்கு ஐந்து சொல் எழுதி வையுங்கள், ஒரே வருஷத்தில் உங்களை யாராலும் அசைக்க முடியாது என்றார். எங்கள் கிளை நூலகத்தில் கடைசி அலமாரியின் அடித்தட்டில் அந்த மாதிரிப் புத்தகங்கள் பதினொன்று தடி தடியாகக் கிடந்தன. ஒன்றின் தேதிச் சீட்டில் கடைசி முத்திரை நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தது. நூலகர் தூசியைத் தட்டிக் கொடுத்து, மெதுவாகக் கொண்டுவந்தால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள் என்றார்.

நான்கு வருஷம் படித்தேன். ஏழு நோட்டு நிரம்பியது. ஸொலிசிட்யூட் என்றால் கவலை கலந்த அக்கறை. மேக்னனிமஸ் என்றால் பெருந்தன்மையுள்ள. பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன், சோறு வடிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். பேச ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் மாரிச்சாமி ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். தினமும் சாப்பிட உட்காரும்போது, இன்றைக்கு என்ன வார்த்தை என்று கேட்பார். மறுநாள் அதை மில்லில் யார்மேலாவது வீசிவிட்டு வருவார். சூப்பர்வைசரை பாம்பஸ், அதாவது வீண் பந்தாக்காரர், என்று சொல்லிவிட்டு, அவர் தேங்க்ஸ் சொன்னதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சொற்களைப் படித்ததோடு நின்றிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. நான் அந்தக் கதைகளையும் நம்பிவிட்டேன். அந்த நாவல்களில் ஒரு கடிதம் போதும். நாலு பக்கம் அழகாக எழுதி அனுப்பினால், இருபது வருஷம் முகம் கொடுக்காத கல்மனசுக்காரர்கூடக் கரைந்துபோய் வண்டி கட்டி ஆள் அனுப்புவார். நல்ல இங்கிலீஷுக்கு முன்னால் கதவுகள் திறக்கும் என்று மனசுக்குள் அப்படியே ஊறிப்போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியது. பார்த்தால் ரத்தக் கொதிப்பு இரண்டு சிறுநீரகத்தையும் தின்றிருந்தது. ராஜபாளையத்தில் வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். மாற்று சிறுநீரகம் வைத்தால் பிழைப்பார், இல்லாவிட்டால் வண்டி ரொம்ப நாள் ஓடாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். என் ரத்தம் சேரவில்லை. அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. கான்சாபுரத்திலிருந்து அவருடைய சித்தப்பா மகள் வெள்ளத்தாய் கிளம்பி வந்தாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அண்ணன் என்னய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவரு, மதினி. எனக்கு ரெண்டு இருக்குல்லா. ஒண்ணு அவருக்கு."

சோதனையெல்லாம் பொருந்திவிட்டது. அவள் புருஷன் சின்னக்கருப்பனும் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். ஆனால் சித்தப்பா மகள் என்பது சட்டப்படி நெருங்கிய உறவில் சேராதாம். சிறுநீரகத்தை விலைக்கு வாங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை என்று மதுரையில் ஒரு கமிட்டி விசாரித்துத் திருப்திப்பட்டால்தான் ஆபரேஷன். அதற்கான ஃபாரங்களைக் கொடுத்த நர்ஸ், கொடுப்பவர் தன் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும், தமிழோ இங்கிலீஷோ எதுவானாலும் சரி என்றாள்.

வெள்ளத்தாய் சொன்னதையே எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அது கந்தல் துணியாகத் தெரிந்தது. பெரிய பெரிய டாக்டர்கள் உட்கார்ந்திருக்கும் மேஜையில் இதைப் போய் வைப்பதா? ஏழு நோட்டையும் விரித்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். பால்ய காலத்தின் அழியாத நினைவுகளால் பிணைக்கப்பட்டவள், எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி, பெருந்தன்மையே உருவான தன் சகோதரனின் பாதங்களில் இந்த அற்பக் காணிக்கையைச் சமர்ப்பிக்கிறாள் என்ற போக்கில் இரண்டு பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவருக்காகக் கலங்கவில்லை. என் வாக்கியத்தை நினைத்துக் கலங்கினேன். வெள்ளத்தாய் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அதோடாவது விட்டேனா? மதுரைக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவர்கள் கேட்டால் நீயே சொல்லித்தான் எழுதியது என்று சொல், அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் மேக்னனிமஸ் என்று சொல், மதிப்பாக இருக்கும் என்றேன். கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அவளுக்கு அந்தச் சொல் வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் விடாமல், திருமங்கலம் வரைக்கும் அவளைச் சொல்லவைத்துக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவளைப் போல உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே அவளைத் தனியாகத்தான் கூப்பிட்டார்கள். கால் மணி நேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்தாய் முகம் வேர்த்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். அங்கே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டதுமே பயத்தில் மேக்னனிமஸ் என்றாளாம். அப்படியென்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். முழித்திருக்கிறாள். கடிதத்திலிருந்து நாலு வரி வாசித்து, இதில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தெரியவில்லை. யார் இப்படியெல்லாம் பேசச் சொன்னது என்று கேட்டதற்கு, மதினிதான் பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தது என்றிருக்கிறாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

கடிதத்தை எழுதியது நீங்களா என்று ஒரு லேடி டாக்டர் என்னைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அவளுடைய உள்ளக் கிடக்கைக்கு நான் வடிவம் மட்டுமே தந்தேன் என்று, நான்கு வருஷமாகச் சேர்த்து வைத்த இங்கிலீஷில் சொன்னேன். ஓரத்தில் இருந்தவர் லேசாகச் சிரித்தார். அந்த டாக்டர் சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துத் தமிழில் கேட்டார்.

"இந்த ரெண்டு பக்கத்துல அவங்க எங்க இருக்காங்கம்மா?"

குனிந்து தாளைப் பார்த்தேன். அடியில் இருந்த தமிழ்க் கையெழுத்து ஒன்றுதான் அவளுடையது.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. படிக்காத ஒருத்தியை யாரோ தயார்செய்து கூட்டிவந்திருக்கிறார்கள் என்று யார் பார்த்தாலும் நினைத்திருப்பார்கள். முடிவை நிறுத்திவைத்து, ஊரில் விசாரித்து அறிக்கை வரட்டும் என்றார்கள். ஒரு மாதம் கழித்து கான்சாபுரத்துக்கு ஒரு போலீஸ்காரரும் வி.ஏ.ஓ.வும் போய், டீக்கடையில் நின்று, வெள்ளத்தாய் வீட்டில் புதிதாக ஏதாவது வாங்கியிருக்கிறார்களா என்று விசாரித்தார்கள். அது போதாதா ஊருக்கு? அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வெள்ளத்தாய் கிட்னியை விற்றவள் ஆகிவிட்டாள்.

நான் பதறிப்போய் மறுநாளே போனேன். சின்னக்கருப்பன் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"தங்கச்சி, மொத தடவ நான் சரின்னுதான் சொன்னேன். இப்பம் பொண்டாட்டி கிட்னிய வித்துத் திங்கான்னு மூஞ்சிக்கு நேரேயே கேக்குதாங்க. ரெண்டு பொட்டப்பிள்ளய வச்சிருக்கேன். இனிமே என்னால ஒத்துக்கிட முடியாது, என்னய மன்னிச்சிரு."

அவர் காலில் விழுந்தேன். விழுந்தபோது வாயில் வந்ததெல்லாம் அண்ணே, அண்ணே என்பது மட்டும்தான். கதவுக்குப் பின்னால் வெள்ளத்தாய் அழுகிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

இதை எதையும் நான் என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மதுரையில் ஃபைல் நிற்கிறது, அடுத்த மாதம் கூப்பிடுவார்கள் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அவர் நம்பினார். கையில் ஊசி போடும் இடம் கெட்டுவிட்டது, மறு கைக்கு மாற்றினார்கள். மில்லில் வேலையை விட்டுவிட்டார். உடம்பு பாதியாகிவிட்டது. ஃபைல் வரும் வரும் என்று அவர் எனக்குத் தைரியம் சொல்வதைக் கேட்கும்போது, நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம் போல இருக்கும்.

போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் விக்னேஸ்வரனுக்கு. ஆலங்குளம் பக்கத்து லாரி டிரைவர், முப்பது வயது இருக்கும். அவனுக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தாய்மாமன் தங்கப்பாண்டியன் வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், ஐம்பது வயதிலும் கம்பிபோல இருந்தார். மாமனும் நெருங்கிய உறவில் சேராது. அவர்களுக்கும் அதே கமிட்டி, அதே ஒரு பக்கம். என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

என் வீட்டுக்காரர் மெஷினில் மாட்டியபடியே தலையைத் தூக்கினார். முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு களை.

"எம் பொண்டாட்டிகிட்ட குடுங்க அண்ணாச்சி. இங்கிலீஷுல அவள மாதிரி எழுத இந்தப் பக்கத்துல ஆளு கெடையாது. எங்களுக்கும் அவதான் எழுதுனா."

தங்கப்பாண்டியன் எழுந்து, தாளையும் பேனாவையும் இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் சாக்குப்போக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தலைவலி என்றிருக்கலாம். விக்னேஸ்வரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அக்கா செத்த பிறகு தன் வீட்டில் வளர்ந்தவன், தனக்குப் பிள்ளை இல்லை, அவனைப் பறிகொடுத்துவிட்டு இருக்க முடியாது என்றார். அதை அவர் சொன்னபடியே தமிழில் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரியில் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஏட்டி, தமிழுல எழுதுத?"

"ஆமா."

"இங்கிலீஷு?"

"வேண்டாங்க. இங்கிலீஷுல எழுதுனா கமிட்டியில அனுமதி குடுக்கமாட்டாக."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து மாதமாக நான் சொன்ன ஒவ்வொரு அடுத்த மாதத்தையும் அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று இருந்தேன், திட்டமாட்டாரா என்றும் இருந்தது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எழுதி முடி. அவிய காத்திட்டிருக்காகல்லா."

எழுதி முடித்தேன். மொத்தம் நாலு வரி. தங்கப்பாண்டியன் வாங்கி வாசித்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா தாயி?"

"அம்புட்டுத்தான் அண்ணே," என்றேன். "இதுக்கு மேல ஒரு வார்த்தைகூடச் சேக்காதீக."