கணவாயில் ஏழடிக் கம்பம்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் மலை கிடையாது. உயரமாக இருப்பதெல்லாம் கம்பிக் குவியல்தான். அதனால் இரும்புக்கடை முதலாளி வெள்ளத்துரை அண்ணாச்சி, இமயமலை ஏறுவதற்கான பயிற்சியைத் திருவொற்றியூர் ரயில் நிலையப் படிக்கட்டில் வைத்துக்கொண்டார். ஒரு மாதம் தினமும் காலையில் ஏறி இறங்கினார். அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பீம்ராவும் ஏறி இறங்கினான். பத்திரிகைக்குக் கொடுத்த படத்தில் பீம்ராவின் முழங்கை மட்டும் தெரிந்தது.

பீம்ராவுக்கு ஊர் வியாசர்பாடி. பன்னிரண்டு வருஷமாக அண்ணாச்சி கடையில் சுமை இறக்குகிறான். வடக்கத்தி லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டியே இந்தி கற்றவன். இமயமலைக் கணவாய்வரை கூட வந்து திரும்பினால் யார்டு சூப்பர்வைசர் ஆக்குவதாக அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் எதையும் சுமக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு காலம் வரும் என்பதற்காகத்தான் அவன் அந்தக் கம்பத்தைச் சுமந்தான்.

கொடிக்கம்பம். ஏழடி, உயர்ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்கு ஐம்பதாவது ஆண்டு. அண்ணாச்சியின் முகம் அச்சடித்த கொடி பதினாலாயிரம் அடியில் பறந்தாக வேண்டும். மூங்கில் போதுமே என்று வழிகாட்டி நேகி முதல் நாளே சொன்னான்.

"இரும்பு யாவாரி மூங்கிலத் தூக்கிட்டுப் போனா மார்க்கெட்ல சிரிக்க மாட்டானா?" என்றார் அண்ணாச்சி.

கூட வந்த வேறு இரண்டு வியாபாரிகள் இரண்டாம் முகாமிலேயே தலைவலி வந்து, மார்க்கெட் சிரிப்பதைப் பற்றிக் கவலையே படாமல் இறங்கிவிட்டார்கள்.

நான்காம் நாள் மதியம், கணவாய்க்கு அரைமணி ஏற்றம் பாக்கி இருந்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து கறுப்பாக மேகம் கிளம்பியது. ஐந்து நிமிஷத்தில் எதிர்ச் சிகரத்தைக் காணவில்லை. ஆலங்கட்டி அடித்தது. எந்தக் குளிரையும் தாங்கும் என்று அண்ணாச்சியின் ஜாக்கெட்டில் எழுதியிருந்தது. குளிர் அதைப் படிக்கவில்லை.

நேகி நின்று இந்தியில் கத்தினான்.

"என்னல சொல்லுதான்?"

"இடி வுழப் போதாம் அண்ணாச்சி. முகட்டுல நிக்கக் கூடாதாம். கம்பத்தப் போட்டுட்டுப் பள்ளத்துக்கு எறங்குங்கன்றாரு."

"நட்டுட்டு எறங்குவோம்னு சொல்லு. ஒரே ஒரு போட்டோ."

"வேணாம் அண்ணாச்சி. உசுரு பூடும்."

"சூப்பர்வைசர் ஆவணும்னா மேல நடலே."

பீம்ராவ் நான்கு அடி நடந்தான். தோளில் கம்பம் வண்டு மாதிரி இரையத் தொடங்கியது. காற்றில் ஏறிய மின்சாரத்தில் கை மயிர் குத்திட்டு நின்றது. அண்ணாச்சியின் தலையில் மிச்சமிருந்த நாலு முடியும் தொப்பிக்கு வெளியே எழுந்து நின்றன. இத்தனை வருஷத்தில் அண்ணாச்சி தரப்பில் பீம்ராவைப் பார்த்து எழுந்து நின்றது அவை மட்டும்தான்.

அவன் கம்பத்தை இறக்கிச் சரிவில் உருட்டிவிட்டான். லாரியிலிருந்து பைப் தள்ளுகிற அதே கைப்பழக்கம். ணங் ணங்கென்று பாறைகளில் மோதிக்கொண்டே அது மேகத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

"ஏலே, என்ன காரியம்ல பண்ணிட்ட? இப்பவே போய் எடுத்துட்டு வா. இல்லைன்னா உனக்கு வேலை கெடையாது."

"வேணும்னா நீ போய் எட்த்துக்கோ," என்றான் பீம்ராவ். பன்னிரண்டு வருஷத்து 'நீங்க' கம்பத்தோடு சேர்ந்து உருண்டுவிட்டிருந்தது. "என் பொணத்துக்கு சூப்பர்வைசர்னு போர்டு மாட்டுவியா? எறங்கு."

அண்ணாச்சி இறங்கவில்லை. பீம்ராவ் அவருடைய விலையுயர்ந்த பையின் வாரைப் பிடித்து, சிமெண்ட் மூட்டையை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு இறங்கினான். நேகி காட்டிய பள்ளத்தில் மூவரும் ஒருவரைவிட்டு ஒருவர் தள்ளி இடம் பிடித்தார்கள்.

"பைய தரைல போட்டு அதும் மேல குந்து. கால சேத்து வையி. மண்டைய முட்டிக்குள்ள வுடு."

"நான் குத்தவைக்கணுமா? எவன் முன்னாடி?"

"இடி முன்னாடி. அது மொதலாளி, கூலின்னு பாக்காது. குந்து."

குந்தினார். ஒவ்வொரு இடிக்கும் நடுவில் கிடைத்த இடைவெளியில் பீம்ராவை வேலையைவிட்டு நீக்கினார். ஆறாவது தடவையாக நீக்கிக்கொண்டிருந்தபோது மேலே முகடு வெள்ளையாக வெடித்தது. சற்று முன் அவர்கள் நின்று தர்க்கம் செய்த பாறை பிளந்து, சில்லுகள் தலைக்கு மேலே பறந்தன. வெல்டிங் பட்டறை வாடை அடித்தது.

ஏழாவது தடவை அண்ணாச்சி நீக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, முட்டிக்குள்ளிருந்தே கேட்டார். "பீம்ராவு, எந்திரிக்கலாமா?"

பீம்ராவ் நேகியைப் பார்த்தான். நேகி கையமர்த்தினான்.

"இன்னும் இல்ல. நான் சொல்ற வரிக்கும் குந்து."

அண்ணாச்சி தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இப்படி ஒக்காந்திருந்தத மார்க்கெட்ல போய்ச் சொல்லிராத."

"சொல்லுவேன்," என்றான் பீம்ராவ். "வேலதான் பூட்ச்சே. வேற இன்னா பண்றது?"