தூக்கமா, மயக்கமா

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் என் அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னது.

"எழுதட்டுமா அண்ணி?"

"எழுது தம்பி. ஆனா என்னைப் பெரிய இவளா ஆக்கிடாத."

முதல் வரி இப்படி வந்தது: 'வெள்ளுடை தேவதையாக அவள்...' அடித்துவிட்டேன். அண்ணியின் சீருடை நீலம். அன்று அதன் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு குழந்தையின் வாந்தி.

2

ஒன்றரை வயதுப் பெண். வீட்டில் 'குண்டு' என்று கூப்பிடுவார்களாம். வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இரண்டு நாள் கிடந்ததில், அந்தச் செல்லப்பேர் பொருந்தாத அளவுக்கு வாடிப்போயிருந்தாள். தாகத்தில் தம்ளரைப் பிடுங்கி உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடித்தாள். குடித்த வேகத்தில் எல்லாம் வெளியே வந்தது.

"தம்ளர் வேணாம்மா. ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி எடுத்தா கொஞ்ச நேரம் விட்டு மறுபடி குடுங்க."

"இத்துனூண்டு ஸ்பூன்ல எப்ப சிஸ்டர் தேறுறது?"

"தேறும். கை கடுத்தா என்கிட்ட குடுங்க."

குழந்தையின் அம்மா கொடுக்கவில்லை. அவளே புகட்டினாள். [இவளைக் கொஞ்சம் அசட்டையானவளாகக் காட்டினால் கதை சுலபமாகிவிடும். அப்படி ஒரு பத்தியும் எழுதினேன். அண்ணி படித்துவிட்டு, "அவ கண்ணு மூடியே ரெண்டு நாளாச்சு, இப்படியா எழுதுவ?" என்றார். பத்தி போயிற்று.]

3

மதியம் அழுகை நின்றது.

"அப்பாடா, தூங்கிட்டா. எழுப்பிடாதீங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அண்ணி கட்டிலருகே நின்றார். அலுத்துத் தூங்குகிறதா, நீர் வற்றி மயங்குகிறதா? வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார்; உடம்பில் நீர் இருந்தால் சட்டென்று படியும். மெதுவாகப் படிந்தது. மெதுவாகத்தானா? கண்கள் குழிவிழுந்திருந்தன. காலையிலும் அப்படித்தானே இருந்தன?

"வருஷக்கணக்கா பாக்குற வேலை தம்பி. சத்தியமா அந்த நேரம் எனக்கு ஒண்ணும் புரியல."

(இங்கே எனக்கு உறுதியான ஒரு நர்ஸ் தேவைப்பட்டாள். தேடினேன், கிடைக்கவில்லை.)

குழம்பியபடியே அண்ணி குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். கால் லேசாக அசைந்தது. இமை பாதி திறந்து, தானாக மூடிக்கொண்டது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் திறக்கவில்லை. அண்ணி டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தி, மறு கையில் குத்தி, கடைசியில் காலில் கிடைத்தது.

"தூங்குற பிள்ளையை எழுப்பிக் குத்துறீங்களே, நீங்கல்லாம் பெத்தவங்கதானா?" என்று அம்மா கத்தினாள்.

[அண்ணிக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கேள்விக்கு அவர் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று ஒரு வரி எழுதத் தொடங்கினேன்: 'அண்ணியின் உதடு...' வேண்டாம்.]

4

சாயங்காலம் குண்டு கண்ணீரோடு அழுதாள். டயப்பர் நனைந்தது; உடம்பில் நீர் ஏறியிருந்தது. ஈர டயப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி தனியாகச் சிரித்தாராம்.

டாக்டரிடம் கேட்டிருக்கிறார்: "எழுப்பாம விட்டிருந்தா?"

"எழுப்பிப் பாத்தது சரிதான் சிஸ்டர். விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரு சொல்ல முடியும்?"

5

வீட்டுக்குப் போகும் நாள்வரை அம்மா அண்ணியிடம் பேசவில்லை. கிளம்பியவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். குண்டு இடுப்பில்.

"சிஸ்டர், அன்னிக்கு நான் சொன்னபடி தூங்க விட்டிருந்தா, என் பிள்ளை இருந்திருக்குமா?"

'இருந்திருக்கும்' என்று எழுதிப் பார்த்தேன். அம்மா நிம்மதியாகப் போய்விடுவாள். அடுத்த தடவையும் தூங்கத்தான் விடுவாள். 'இருந்திருக்காது' என்று எழுதினால், இனி பிள்ளை நன்றாகத் தூங்கும்போதெல்லாம் பதறிப்போய்த் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பாள். 'தெரியலம்மா' என்பது உண்மை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு ஒருத்தி எப்படி வீடு போய்ச் சேர்வாள்?

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"நான் சொன்னது இருக்கட்டும். நீயா இருந்தா?"

திருதிருவென்று விழித்தேன். இப்போதும் அதே விழிப்புதான். ஆஸ்பத்திரிக்கு வெளியே, அவர்களை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அம்மா நகரவில்லை. என்னைத் தாண்டி உங்களைப் பார்க்கிறாள்.

சொல்லுங்கள்.