மரியசூசையின் பாதி மெட்டு

இருபத்தாறு வருஷம் அரியலூர் பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதிய மரியசூசை, கல்யாணம் இல்லாத மார்கழி மாதமாகப் பார்த்து, சரிகை வைத்த சிவப்புக் கோட்டை இஸ்திரி போட்டு மடித்து, மாஸ்டர் அரியமுத்துவின் மேஜைமேல் வைத்தார். கிளாரினெட் அவருடைய சொந்த வாத்தியம். அது கக்கத்தில் இருந்தது.

“எந்த செட்டுக்குப் போற? பெரம்பலூர்க்காரன் கூப்பிட்டானா?” என்றார் மாஸ்டர்.

“யாரும் கூப்பிடல மாஸ்டர். இனிமே வூட்டுல ஊதப் போறேன்.”

“வூட்டுல யாருக்குக் கல்யாணம்?”

“யாருக்கும் இல்ல. சும்மா எனக்குத்தான்.”

“உனக்கா? உன் பொண்டாட்டி பாத்திமா மேரிக்குத் தெரியுமாய்யா?”

மரியசூசைக்குச் சிரிப்பு வந்தாலும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஊர்வலம் எதுவானாலும் செட்டின் பழைய மெட்டு ஒன்றில்தான் தொடங்கும். யார் போட்ட மெட்டோ தெரியாது. அது பாதியைத் தொடும்போது தெருமுனை வந்துவிடும். மாஸ்டர் விசில் ஊதுவார். உடனே வேறு பாட்டுக்குத் தாவ வேண்டும். தாவாவிட்டால், ‘அந்தத் தெருவுல வாசிச்ச மிச்சத்தை எங்க தெருவுக்கு இழுத்துட்டு வந்தியா?’ என்று அடுத்த தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஊர் வழக்கம் அப்படி. இருபத்தாறு வருஷமாக மரியசூசை அந்த மெட்டைப் பாதியிலேயே விட்டுக்கொண்டிருந்தார். சாகும்முன் ஒரு தடவையாவது முழுசாக வாசித்துவிட வேண்டும். அதற்காகத்தான் கோட்டைக் கழற்றினார்.

“இதெல்லாம் ஒரு குறையாய்யா?” என்றார் மாஸ்டர்.

“எனக்குக் குறைதாங்க.”

மறுநாள் விடிந்ததும் ஏலாக்குறிச்சியில் தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கிளாரினெட்டை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. மூச்சை இழுத்துப் பிடித்து மறுபடி ஊதினார். ஆட்டுக்குட்டி தும்மியதுபோல ஏதோ கேட்டது. எழுந்து நின்று பார்த்தார், கொஞ்சம் தேவலை. ஓர் அடி எடுத்து வைத்தார். மெட்டு தானாகப் புறப்பட்டது. நடந்து நடந்தே ஊதியவருக்கு மூச்சு காலில்தான் இருந்திருக்கிறது. சரி என்று வீட்டைச் சுற்றி நடந்தபடி வாசித்தார்.

மூன்றாவது சுற்றில் பக்கத்து வீட்டு ஜானகி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். “ஐயோ, நேத்து சாயங்காலம்கூட மோர் குடுத்துச்சே மகராசி!”

மார்கழிக் காலையில் பேண்டு சத்தம் கேட்டால் அது கல்யாணமாக இருக்க முடியாது. ஜானகியின் கணக்கு அதுதான். அவள் புருஷன் அமாவாசை அவளைவிட வேகம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டான்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த பாத்திமா மேரி கேட்டாள், “யாருக்கு என்னடி ஆச்சு?”

“உனக்குத்தான்க்கா!” என்றாள் ஜானகி.

பதினொரு மணிக்கு ஆலத்தியூரிலிருந்து பாத்திமா மேரியின் தம்பி ஆரோக்கிய பிரபு, இரண்டு பஸ் மாறி, ஆள் உயர ரோஜா மாலையோடு வந்து இறங்கினான். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அக்கா…”

“வாடா. சாப்பிட்டியா? பொங்கலுக்குக் கூப்பிட்டா லீவு இல்லம்ப. செத்தாத்தான் வருவியோ?”

ஆரோக்கிய பிரபு மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தோளிலேயே போட்டுக்கொண்டு நின்றான். “நல்லாத்தான் இருக்கு. எம்புட்டு கனம் பாரு,” என்று பாத்திமா மேரி தூக்கிப் பார்த்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “இந்தா பாருங்க. என்னை இன்னொரு தடவை கொன்னீங்கன்னா அந்தக் குழலை அடுப்புல வச்சிருவேன்.”

“இனிமே வூட்டுல ஊதல மேரி.”

“அது கெடக்கட்டும். ஜானகி வந்து கத்துறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்களே, ஏன்? மூணு சுத்துலயும் அதே எடத்துல நின்னுது. அதுக்கு அப்புறம் எப்படிப் போவும்?”

மரியசூசை மெட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். பாதியில் நின்றது. அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அதற்கு அப்புறம் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கொள்ளிடத்து மணலுக்குப் போனார். தண்ணீர் ஓரமாக ஓட, நடப்பதற்கு இடம் தாராளமாகக் கிடந்தது. தெருவைத் தாண்டும்வரை பாத்திமா மேரி அவருக்கு முன்னால் நடந்தாள், எல்லோர் கண்ணிலும் படும்படி. “நல்லா பாத்துக்குங்க, உசுரோடதான் இருக்கேன்,” என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள். மணலில் மரியசூசை நடப்பார், ஊதுவார். பழைய இடம் வந்ததும் மெட்டு சட்டென்று அறுந்துபோகும். இருபது நாள் இப்படியே போயிற்று. வீட்டில் சோறு இறங்கவில்லை. மீதி என்று ஒன்று இல்லவே இல்லையோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. இல்லாத ஒன்றுக்காகவா கோட்டைக் கழற்றினோம்?

தை பிறந்ததும் மாஸ்டர் ஆற்றுக்கே தேடிக்கொண்டு வந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்.

“சனிக்கெழமை செட்டிகுளத்துல கல்யாணம். புதுசா வந்தவன் ஊதுனா மாப்பிள்ளை ஏறுன குதிரை பின்னாடி போவுதுய்யா. நீ வா.”

“வரேன் மாஸ்டர். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நம்ம மெட்டு, பாதிக்கு அப்புறம் எப்படிப் போவும்?”

மாஸ்டர் கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார். பாதிவரை பாடினார். நின்றார். மறுபடி முதலிலிருந்து பாடி, அதே இடத்தில் நின்றார்.

“அதுக்கப்புறம்தான் நான் விசில் ஊதிடுவேனே,” என்றார்.

அன்றைக்கு ஆறுவரை கூடவே வந்திருந்த பாத்திமா மேரி, சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரியசூசைக்கு என்னவோ சட்டென்று லேசாகிவிட்டது. மாஸ்டருக்கே தெரியாது என்றால் தப்பு கண்டுபிடிக்க உலகத்தில் ஆள் இல்லை. கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு நடந்தார். பழைய இடம் வந்தது. கால் தயங்கியது. தயங்கிய காலைத் தூக்கி முன்னால் வைத்தார். ஒரு சுரம் கோணலாக விழுந்தது. அடுத்தது அதைத் தாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் மெட்டு தண்ணீரோரம் போயிற்று, திரும்பிற்று, ஓரிடத்தில் தொலைந்தே போய், மறுபடி எங்கிருந்தோ வந்தது. எப்படி முடிப்பது என்று தெரியாமல் நாலைந்து இடத்தில் முடிக்கப் பார்த்தார். கடைசியில் தணிந்து, தணிந்து, ஒரே ஒரு சுரத்தில் நின்று, ஓய்ந்தது.

மாஸ்டர் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

“முடிஞ்சுதா?” என்றாள் பாத்திமா மேரி.

“முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு.”

“யோவ் சூசை, அதை அப்படியே இன்னொரு தடவை வாசி. செட்டிகுளத்துல அதையே வச்சுக்குவோம். மனப்பாடம் பண்ணிக்கிறேன்,” என்றார் மாஸ்டர்.

மரியசூசை யோசித்துப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் நினைவில்லை.

“மறந்துபோச்சுங்க மாஸ்டர்.”

“இப்பத்தானேய்யா வாசிச்ச!”

“ஆமாங்க. சனிக்கெழமைக்கு வேற ஆளு பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை அது எங்கே போகிறது பார்க்கலாம் என்று, மரியசூசை முதலிலிருந்து நடக்கத் தொடங்கினார்.