பெரியண்ணன் கடை மெயில்

மணிமேகலைக்குக் குப்பை மெயில் என்றாலே ஆகாது. பல்கலைக்கழக மையத்துக்குள் எந்த மெயில் வரலாம், எது வரக்கூடாது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. லாட்டரி விழுந்தது, பாஸ்வேர்டு போச்சு என்று வரும் புரட்டையெல்லாம் வாசலிலேயே மடக்கிவிடுவாள். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேலை தெரிந்தவளுக்கு இல்லாத கர்வமா?

போன மாதம் அரூரில் இருக்கும் பெரியண்ணன் ஜெராக்ஸ் கடையிலிருந்து மெயில் மேல் மெயில். யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, யாருடைய ரேஷன் கார்டோ, முகவரி மாறி வாத்தியார்கள் தலையில் வந்து விழுந்தது. நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். மணிமேகலை அந்தக் கடையின் மெயிலையே மொத்தமாக பிளாக் பண்ணிவிட்டு, தொல்லை விட்டது என்று டீ குடிக்கப் போனாள்.

இன்றைக்கு மத்தியானம் மூணு மணிக்குச் சித்தேரி மலையிலிருந்து சந்தியா வந்து நின்றாள். இந்த வருஷம் சேர்ந்த பிள்ளை.

"ஹாஸ்டலுக்கு மெயில் போட்டேங்க மேடம். வரவே இல்லைன்னு வார்டன் மேடம் சொல்றாங்க. அஞ்சு மணிக்கு லிஸ்டு ஒட்டிருவாங்களாம். மலைல இருந்து தெனம் வந்துபோக முடியாதுங்க. ஹாஸ்டல் இல்லைன்னா படிப்பு வேண்டான்னு வூட்டுல சொல்லிட்டாங்க."

"எந்த மெயில்ல இருந்து போட்ட கண்ணு?"

"பெரியண்ணன் கடைல இருந்துங்க. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் அதுதாங்க மெயில்."

அந்தக் கடையை பிளாக் பண்ணினது மணிமேகலைக்கு ஞாபகம் வந்தது. அவள் முகம் மாறியதைப் பார்த்த சந்தியா, "நாங்க ஏதாச்சும் தப்பா எழுதிட்டமாங்க?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தடுத்து வைத்த மெயில்களைத் திறந்தாள். ஹாஸ்டல் கேட்டு அந்தக் கடையிலிருந்து பதினாலு மெயில். பன்னிரண்டு மலைப் பிள்ளைகள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வூட்டைக் கொளுத்தின கதைதான்.

சந்தியாவின் மெயிலை மட்டும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. பதினாலையும் அனுப்பினால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்று கேள்வி வரும். பொய் சொல்லுவானேன், அவள் மனசு ஒரு நிமிஷம் ஊசலாடத்தான் செய்தது. பிறகு எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, சந்தியாவையும் கூட்டிக்கொண்டு வார்டன் தீர்த்தம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"தப்பு என்னுதுங்க மேடம்."

தீர்த்தம்மாள் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெயில்களைப் படித்தார். "லிஸ்டு நாளைக்குச் சாயங்காலம் ஒட்டிக்கலாம். எடம் பத்தலைன்னா கட்டில நெருக்கிப் போடறேன். ஆனா வெண்மதின்னு ஒருத்தி, மூணு மெயில் போட்டிருக்கா. கடைசியப் பாரு."

மணிமேகலை பார்த்தாள். 'பதில் வராததால் எனக்கு இடம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். சர்டிபிகேட்டைத் திருப்பித் தரவும். தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும்.'

"அவ போன வாரமே திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க," என்றாள் சந்தியா.

மெயிலில் நம்பர் இருந்தது. மணிமேகலை அங்கேயே நின்றபடி போன் போட்டாள். எடுத்ததும் தையல் மெஷின் சத்தம் கேட்டது.

"வெண்மதியா? ஹாஸ்டல்ல உனக்கு எடம் இருக்கு கண்ணு."

"யாருங்க பேசறது?"

ஆபீஸ் பேரைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"உன் மெயில் மூணையும் குப்பைல போட்டவ பேசறேன்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் தேய்ந்தது. பிள்ளை எழுந்து வெளியே வந்துவிட்டாள் போல.

"நாளைக்குக் காலைல வந்தா எடுத்துக்குவாங்களாங்க?"

"வா கண்ணு," என்றாள் மணிமேகலை. "இங்க பஸ் ஸ்டாண்டுல நானே வந்து நிக்கறேன்."